கல்லிலிருந்து நூறு மீட்டர்: குன்றத்தூர்ப் பகுதி வரலாற்று நிலப்பரப்பின் பாதுகாப்பு எல்லைகள் குறித்த ஒரு மறுபரிசீலனை

வரலாற்றுச் சின்னம் ஒன்றைக் காப்பதென முடிவுசெய்தவுடன் எழும் முதற்கேள்வி, அச்சின்னம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதாகும். கோயிலாயின் திருமதிலைச் சுட்டி விடை கூறிவிடலாம். பாறைக்குன்று, அதன் சரிவிலுள்ள பெருங்கற்கால ஈமக்காடு, அடிவாரத்து ஊர், அவ்வூருக்கு நீர் தரும் ஏரி ஆகியன ஒன்றோடொன்று பிணைந்த நாட்டுப்புற நிலப்பரப்பில் அவ்வாறு கூறுதல் எளிதன்று. பல்லாவரத்திற்கும் குன்றத்தூருக்கும் இடைப்பட்ட தொலைவு பத்துக் கிலோமீட்டருக்கு உட்பட்டது. இக்குறுகிய இடைவெளியில் நடுவண் அரசின் தொல்லியல் பாதுகாப்பும் மாநில அறநிலைய நிருவாகமும் நகர விரிவாக்கமும் கல்குவாரிகளும் நெருங்கிக் கிடக்கின்றன. ஆகவே பாதுகாப்பு எல்லை குறித்த கேள்வியைச் சோதித்தறிய இதனினும் பொருத்தமான களம் சென்னைக்கு அருகில் அரிது.

இவ்வெல்லைகளைப் பற்றி இருவேறு முறையீடுகள் நெடுநாளாக உள்ளன. குடியிருப்போர் எல்லை மிகப் பெரிது என்கின்றனர். தொல்லியலாளர் மிகச் சிறிது என்கின்றனர். இருசாராரும் பரப்பளவைப் பற்றியே பேசுகின்றனர். எல்லையை எதிலிருந்து அளக்கத் தொடங்குகிறோம் என்பதே முதற்பிழை என்பது இக்கட்டுரையின் கருத்து.

சட்டம் வரையும் வளையம்

1958ஆம் ஆண்டின் பழங்கால நினைவுச்சின்னங்கள், தொல்லியல் இடங்கள் மற்றும் எஞ்சிய பொருள்கள் சட்டத்தின்படி ஓரிடத்தைத் தேசிய முக்கியத்துவம் உடையதாக அறிவிக்குமுன் இரண்டு மாத கால முன்னறிவிப்புத் தரவேண்டும். அக்காலத்துள் எவரும் மறுப்புத் தெரிவிக்கலாம். ஆனால் சின்னத்தைச் சூழ்ந்த வளையம் இவ்வழியில் வந்ததன்று. 1992 சூன் 16ஆம் நாளிட்ட அறிவிக்கை, பாதுகாக்கப்பட்ட சின்னங்கள் அனைத்திற்கும் பொதுவாக 100 மீட்டரைத் தடைசெய்யப்பட்ட பகுதி என்றும், அதற்கப்பால் 200 மீட்டரை ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி என்றும் வகுத்தது. 2010ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அவ்வளவைச் சட்டத்தின் உடலுக்குள்ளேயே பதித்து, தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையத்தையும் நிறுவியது. தடைப்பகுதியில் புதுக் கட்டுமானம் இல்லை. 1992க்கு முற்பட்ட கட்டடமாயின் பழுதுபார்க்க மட்டும் இசைவு கோரலாம். மீறுவோர்க்கு ஈராண்டு வரை சிறையும் ஓரிலட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்கலாம்.

ஆக, சின்னத்தின் மீது மறுப்புச் சொல்ல இடமுண்டு. ஊரவரின் வாழ்வை நேரடியாகத் தொடும் வளையமோ எந்த ஊரிலும் அவ்வூர் நிலத்தைப் பார்த்து வரையப்பட்டதன்று. அசந்தாக் குகைகளுக்கும், பழைய நெடுஞ்சாலையோரத்துத் தொலைவுத் தூணுக்கும், செங்கல்பட்டு மாவட்டத்துக் கல்வட்டத்திற்கும் ஒரே அளவு. போக்குவரத்து, சுற்றுலா, பண்பாட்டுத் துறைகளுக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவும் 2023ஆம் ஆண்டு அறிக்கையில் இவ்வொரேயளவு முறையைக் குறைகண்டது. முழுச் சிற்றூரே 300 மீட்டருக்குள் அடங்கிவிடும் நிலைமைகளையும் அது சுட்டியது.

இங்கு ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தல் பயனுடையது. சட்டத்தை விவாதிக்கும் கட்டுரைகள் பெரும்பாலும் இதனைச் செய்வதில்லை. 100 மீட்டர் என்பது சின்னத்தின் நடுப்புள்ளியிலிருந்து அளக்கப்படுவதன்று. பாதுகாக்கப்பட்ட பரப்பின் விளிம்பிலிருந்து அளக்கப்படுவது. ஒற்றைத் தூண் போன்ற சிறு சின்னமாயின், 300 மீட்டர் ஆரம் கொண்ட வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 70 ஏக்கர்; அதில் முழுத்தடைக்கு உள்ளாவது எட்டு ஏக்கருக்கும் குறைவு. அதே விதியை, பக்கத்திற்கு ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள ஈமக்காடு ஒன்றிற்குப் பொருத்தினால், ஈமக்காட்டிற்கு வெளியே மட்டும் ஏறத்தாழ 366 ஏக்கர் வளையத்துள் வருகிறது. அதில் முழுத்தடைப் பகுதி மட்டும் ஏறத்தாழ 107 ஏக்கர். கட்டடக்கலைச் சின்னத்தை மனத்திற்கொண்டு வகுத்த விதி, பரந்து கிடக்கும் தொல்லியல் நிலத்தின்மேல் ஏற்றப்படும்போது இவ்வாறு உருமாறுகிறது. பெருங்கற்கால இடங்கள் மிகுந்த பழைய செங்கல்பட்டு மாவட்டம் இவ்வுருமாற்றத்தின் சுமையை மிகுதியாகத் தாங்குவது தற்செயலன்று.

பல்லாவரம்: நிலமிழந்த வளையம்

1863 மே 30 அன்று இராபர்ட் புரூசு ஃபூட் பல்லாவரத்துச் சரளைக்கல் குழியொன்றில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் தொடக்கமாக இந்நாளைச் சுட்டுதல் மரபு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அலெக்சாண்டர் ரீ அங்குச் சுடுமண் ஈமப்பேழைகளை வெளிக்கொணர்ந்தார். அருகிலுள்ள குன்றில் மகேந்திரவர்மனின் விருதுப்பெயர்கள் பொறித்த குடைவரை உள்ளது. அது இன்று தர்காவாக வழிபாட்டில் இருக்கிறது. இத்தனை அடுக்குகள் ஓரூரில் அமைதல் அரிது.

ஆயினும் இன்று ஜமீன் பல்லாவரம் பகுதியில் நடந்து செல்பவர்க்கு இவ்வடுக்குகளுள் எதுவும் தொடர்புடையதாகத் தோன்றாது. தொடர்வண்டிப் பாதையும் நெடுஞ்சாலையும் விமான நிலையமும் நெருங்கிய தெருக்களும் ஈமக்காட்டைத் துண்டுகளாக்கிவிட்டன. எஞ்சிய துண்டுகளின் விளிம்பிலிருந்து வளையம் அளக்கப்படுகிறது. அதனுள் வீடு கட்டவும் மாடி எழுப்பவும் இயலாத குடும்பங்கள் பல்லாண்டுகளாக முறையிட்டு வருகின்றன. வரைபட ஒப்புதல் இல்லையேல் வங்கிக் கடன் இல்லை. கடன் இல்லையேல் கூரை ஒழுகும் வீட்டைப் பிரித்துக் கட்டுதல் இல்லை. வளையத்துள் மனை வாங்கியோர் பலர் ஊதியத்தில் மிச்சம் பிடித்து வாங்கியோர். ‘மரபுக்கு எதிரான மக்கள்’ என்று ஆய்வரங்குகளில் இவர்களைச் சுட்டும் வழக்கம் நேர்மையானதன்று. ஏற்கெனவே வீடுகள் நெருங்கிவிட்ட தெருவில் இன்னொரு மாடி எழாமற் தடுப்பதால், அத்தெருவின் கீழுள்ள தாழிக்கு என்ன பாதுகாப்புக் கிடைக்கிறது என்பதை எவரும் விளக்கியதில்லை. தாழிக்குக் கேடு செய்வது அகழும் ஆழம், கட்டடத்தின் உயரமன்று. மேடையும் தூணும் விமானமும் கண்ணுக்குப் புலப்பட வேண்டும் என்பதற்காக வகுத்த விதி, மண்ணுக்குள் இருப்பதைக் காக்க நேர்ந்தமையால் விளைந்த முரண் இது.

குன்றத்தூர்: வளையமில்லா நிலம்

பல்லாவரத்திலிருந்து திருநீர்மலையைக் கடந்து அடையாற்றுப் படுகையின் வழியே குன்றத்தூரை அடைந்தால் நிலைமை தலைகீழாகிறது. இங்கு நிலத்தின் ஒருமை இன்னும் கண்ணுக்குப் புலப்படுகிறது. குன்றின் உச்சியில் முருகன் கோயில், அடிவாரத்தில் அருகருகே கந்தழீசுவரர் கோயிலும் திருஊரகப் பெருமாள் கோயிலும், ஊருக்குள் திருநாகேச்சுரம், மேற்கே செம்பரம்பாக்கம் ஏரி. படியேறி நிற்பவர்க்கு ஏரியும் வயலின் எச்சங்களும் ஊரும் ஒரே பார்வையில் அகப்படும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் அநபாய சோழனின் அவையில் இருந்த சேக்கிழார் பிறந்த ஊர் இது. கும்பகோணத்தை அடுத்த திருநாகேச்சுரத்தின்பால் கொண்ட ஈடுபாட்டால் அதே பெயரில் தம்மூரில் அவர் எழுப்பிய கோயிலே இங்குள்ளது என்பது சேக்கிழார் புராணம் வழிவந்த செய்தி. கல்வெட்டு வழக்கில் இப்பகுதி புலியூர்க் கோட்டத்துக் குன்றத்தூர் நாடு. பல்லாவரமும் திருசூலமும் அதே கோட்டத்துச் சுரத்தூர் நாட்டைச் சேர்ந்தவை. ஒரு கோட்டத்தின் இவ்விரு நாடுகளுள் ஒன்று இன்று தாம்பரம் மாநகராட்சியிலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும், மற்றொன்று காஞ்சிபுரம் மாவட்டத்துக் குன்றத்தூர் வட்டத்திலும் பிரிந்து கிடக்கின்றன.

குன்றத்தூர்க் கோயில்கள் இந்து சமய அறநிலையத் துறையின் நிருவாகத்தில் உள்ளவை. 1959ஆம் ஆண்டின் அறநிலையச் சட்டம் கோயிலின் சொத்தையும் வழிபாட்டையும் கணக்கையும் காக்கிறது. கோயிலுக்கும் ஏரிக்கும், ஏரிக்கும் குன்றுக்கும் உள்ள உறவை அச்சட்டம் அறியாது. ஆதலின் கல்லிலிருந்து அளக்கும் வளையம் இக்கோயில்களைச் சுற்றி இல்லை. அதற்கு மாற்றான வேறு எல்லையும் இல்லை. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் செல்லும் வெளிவட்டச் சாலை ஊருக்கும் ஏரிக்கும் இடையே சென்றபின், இருபுறத்து நிலமும் மனைப்பிரிவாகும் வேகத்தை உள்ளூரார் நன்கறிவர்.

வளையத்திற்கு வெளியே என்ன நிகழும் என்பதற்கு மாங்காட்டை அடுத்த சிக்கராயபுரம் போதிய சான்று. அங்குப் பாறை வெட்டியெடுக்கப்பட்டுக் கைவிடப்பட்ட ஆழ்குழிகள் உள்ளன. 2017ஆம் ஆண்டு வறட்சியில் அக்குழிகளில் தேங்கிய நீரைச் சுத்திகரித்துச் சென்னைக்கு வழங்கினர். குடிநீர் கிடைத்ததைக் கொண்டாடிய செய்திகள் பல. அங்கிருந்த பாறை மேட்டில் என்னென்ன இருந்தன என்று கேட்டவை இல்லை. இக்கேள்வி கற்பனையானதன்று. 1949இல் வி. டி. கிருஷ்ணசாமி தென்னிந்தியப் பெருங்கற்கால வகைகளைத் தொகுத்தெழுதிய காலந்தொட்டுச் செங்கல்பட்டுப் பகுதி ஈமக்காடுகளின் அமைவிடம் குறித்து ஒரு தெளிவு உண்டு. வேளாண்மைக்கு ஆகாத பாறை மேடு, அதன் கீழே நீர் தேங்கும் தாழ்நிலம், அவற்றை ஒட்டிய வாழ்விடம் என்பது அவ்வமைவு. மதுராந்தகத்தை அடுத்த சாணூரில் 1950இலும் 1952இலும் நடந்த அகழாய்வும் இத்தகைய சூழலிலேயே நடந்தது. ஆகவே ஈமச்சின்னத்தைத் தனிக்கல்லாகப் பார்ப்பவர் அதன் பொருளில் பாதியை முன்னரே இழந்துவிடுகிறார். கல் எங்கே நடப்பட்டது என்பதற்கு விடை அக்கல்லில் இல்லை. பாறைக்கும் நீருக்கும் இடைப்பட்ட தொலைவில் இருக்கிறது.

செப்பேடுகள் எல்லையை வரைந்த முறை

இந்நிலப்பகுதியில் எல்லை வரைதல் புதிய கலையன்று. தொண்டைமண்டலத்துப் பழையனூரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்கு அளித்த முதலாம் இராசேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேடுகள், 31 ஏடுகள் கொண்டவை. அவற்றின் தமிழ்ப்பகுதியில் கணிசமான இடத்தைப் பிடிப்பது எல்லை விவரமே. பிடி சூழ்ந்து, அதாவது பெண்யானையை நடத்திச் சென்று, அது சென்ற வழியே கல்லும் கள்ளியும் நட்டு எல்லை காண்பது அக்கால முறை. கீழ்பாலும் தென்பாலும் மேல்பாலும் வடபாலும் எந்த ஏரியின் எந்தக் கரை, எந்த வாய்க்கால், எந்த ஊரின் எந்த வயல், எந்தப் புற்று, எந்த மரம் என ஒவ்வொன்றாக எல்லை நகர்கிறது. அரசு அலுவலரும் அண்டை ஊர்களின் நாட்டாரும் உடனிருக்கின்றனர். எல்லைக்குள் அடங்குவனவற்றை எண்ணும்போது நஞ்சை புஞ்சையோடு குளம், கோட்டகம், புற்று, மன்று, கன்று மேயும் பாழ் ஆகியனவும் இடம்பெறுகின்றன. உடும்பு ஓடி ஆமை தவழும் நிலமும்கூட எல்லைக்குள் அடங்குகிறது. பயன்படா நிலமும் ஊரின் உறுப்பே என்ற அறிவு அதில் உள்ளது.

இவ்விடத்தில் எச்சரிக்கை ஒன்று வேண்டும். மரபின் பெருமை பேசும் கட்டுரைகள் இங்கே நின்றுவிடுகின்றன. அதே ஆவணங்களில்தான் ‘குடிநீக்கி’ என்ற சொல்லும் வருகிறது. பழைய உரிமையாளரை விலக்கிப் புதிய உரிமையை நிறுவிய ஆவணங்கள் அவை. எல்லை வரைதல் எக்காலத்திலும் எவரையோ உள்ளே வைத்து எவரையோ வெளியே தள்ளும் செயலாகவே இருந்துள்ளது. ஆகவே செப்பேட்டிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளத் தக்கது முறை மட்டுமே: எல்லையை நிலத்தின்மேல் நடந்து காண்பது, அண்டை ஊரார் முன்னிலையில் காண்பது, ஏன் இவ்விடத்தில் திரும்புகிறது என்பதற்கு அடையாளம் எழுதிவைப்பது.

எ. சுப்பராயலு சோழநாட்டு அரசியல் நிலவியல் குறித்து 1973இல் வெளியிட்ட ஆய்வு, கல்வெட்டுகளிற் கண்ட ஊர்ப்பெயர்களை நிலப்படத்தில் இட்டு நாடுகளின் பரப்பைக் காட்டியது. நாடு என்பது மேலிருந்து வகுத்த செயற்கைப் பிரிவன்று, நீர்ப்பாசனத்தைச் சார்ந்து இயல்பாகக் கூடிய வேளாண் ஊர்களின் தொகுதி என்பது அவர் முடிவு. இம்முறையைக் குன்றத்தூர் நாட்டிற்குப் பொருத்தி, ஊர்களையும் ஏரிகளையும் ஈமக்காடுகளையும் ஒரே படத்தில் இட்ட ஆய்வு நமக்குத் தேவை. குன்றத்தூர் பற்றித் தமிழாய்வுலகில் எழுதப்படுபவை பெரும்பாலும் சேக்கிழார் வரலாறாகவோ தலவரலாறாகவோ அமைகின்றன. சென்னையைச் சூழ்ந்த நவக்கிரகத் தலங்கள் என்ற வரிசையில், இராகுவுக்குரிய தலமாகக் குன்றத்தூரையும், சோமங்கலம், கோவூர், கெருகம்பாக்கம் முதலியவற்றையும் அடுக்கிச் செல்வோர், அவ்வூர்களை இணைக்கும் ஏரிச்சங்கிலியைக் கருதுவதில்லை. மறுபுறம் தொல்லியல் அறிக்கைகள் கல்வட்டத்தின் விட்டத்தைக் குறித்துவிட்டு அவ்வூர்ப் பெயரின் கல்வெட்டு வழக்கை விட்டுவிடுகின்றன. மா. இராசமாணிக்கனார் பெரியபுராண ஆராய்ச்சியில் இலக்கியத்தையும் கல்வெட்டையும் ஒருங்கே நிறுத்திக் காலம் கணித்தார். இடத்தைக் கணிக்க அதே உழைப்பை நாம் இன்னும் செலுத்தவில்லை. இக்குறை இக்கட்டுரையாளரின் முந்தைய எழுத்துகளுக்கும் பொருந்தும்.

மூலங்கள் இல்லை என்று கூற வழியில்லை. 1767 முதல் 1774 வரை தாமசு பார்னார்டு நடத்திய அளவாய்வு, செங்கல்பட்டு ஜாகீரின் ஏறத்தாழ 2000 ஊர்களை ஊர்வாரியாகப் பதிவு செய்தது. விளைநிலம், ஏரி, குளம், மலை, காடு, மனை என நிலவகைகளும், வீடுகளின் கணக்கும், ஊர் வருவாயில் கோயிலுக்கும் ஊழியருக்கும் உரிய பங்குகளும் அதில் உள்ளன. அவற்றோடு தொடர்புடைய தமிழ் ஓலைக்கணக்குகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் உள்ளன. தரம்பால் இவற்றின் மதிப்பைச் சுட்டியபின், திருப்போரூர், வடக்குப்பட்டு ஆகிய ஊர்களின் கணக்குகள் நூலாக வெளிவந்தன. அம்முறையில் குன்றத்தூரைச் சூழ்ந்த ஊர்களின் கணக்குகளைப் பதிப்பித்தால், 250 ஆண்டுகட்கு முன் ஊரின் ஏரி எதுவரை, காடு எதுவரை என்பதற்குச் சான்று கிடைக்கும்.

மறுபரிசீலனை என்னும் சொல்லின் ஆபத்து

எல்லையை மறுபரிசீலனை செய்க என்ற கோரிக்கை, எல்லையைச் சுருக்குக என்பதன் நாகரிக வடிவமாக மாறிவிடக்கூடும். 2018 சனவரியில் மக்களவையில் நிறைவேறிய திருத்த முன்வரைவு, தடைப்பகுதிக்குள் நடுவண் அரசின் பொதுப்பணிகளுக்கு வழிதிறக்க முயன்றது. மாநிலங்களவை அதனைத் தெரிவுக்குழுவிற்கு அனுப்பியது. ஒழுகும் கூரையை மாற்ற முடியாத குடியிருப்பாளரின் துயரைக் காட்டி, மேம்பாலத்திற்கு வழிவிடும் வாதம் அதில் இருந்தது. அவ்வாதத்திற்கு ஆய்வாளர் துணைபோதல் கூடாது.

இங்கிலாந்தில் 1967ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்புப் பகுதி என்ற கருத்தைக் கொணர்ந்தபோது தனிக் கட்டடத்தை விட்டு ஒரு பகுதியின் தன்மையையே அலகாகக் கொண்டது. 1990ஆம் ஆண்டுச் சட்டம், அப்பகுதிகளைக் காலந்தோறும் மறுபரிசீலனை செய்தலை உள்ளாட்சியின் கடமையாக்கியது. நம் சட்டத்தில் ஒரு சின்னத்தைப் பட்டியலிலிருந்து நீக்கும் பிரிவு உண்டு. அதன் வளையத்தைக் குறிப்பிட்ட காலத்திற்கொருமுறை மறுபடி ஆராயும் கடமை இல்லை. 2010ஆம் ஆண்டுத் திருத்தம் சின்னந்தோறும் பாரம்பரியத் துணைவிதிகள் வகுக்கச் சொல்கிறது. அவ்விதிகள் கட்டடத்தின் உயரம், முகப்பு ஆகியவற்றை ஒழுங்குபடுத்தலாம். 100 மீட்டரை மாற்ற இயலாது. உலக மரபுக்குழு பண்பாட்டு நிலப்பரப்பு என்ற வகையை ஏற்றதும் அதே 1992ஆம் ஆண்டில்தான் என்பதை நினைக்கும்போது, நம் வளையம் பிறந்த ஆண்டிலேயே பழையதாகிவிட்டது என்று தோன்றுகிறது.

இக்கட்டுரையாளரின் நிலைப்பாடு இது. ஜமீன் பல்லாவரத்தில் முழுவதும் வீடுகளாகிவிட்ட தெருக்களில் மாடிக்கான தடையை நீக்கி, அடித்தளம் தோண்டும் ஆழத்தைக் கண்காணிப்பதாக விதியை மாற்றலாம். தோண்டும்போது தொல்லியலாளர் உடனிருத்தலும், கிடைப்பதைப் பதிதலும், அதற்கான செலவை அரசு ஏற்றலும் கட்டாயமாக வேண்டும். அவ்வாறு விடுவிக்கும் இடத்தில் ஆவணப்படுத்தல் முடிந்த பின்னரே எல்லை நகரவேண்டும். குன்றத்தூரிலோ எல்லை விரியவேண்டும். குன்றின் பாறைச்சரிவு, அடிவாரத்துக் கோயில்கள், ஏரியை நோக்கிய வாய்க்கால், அதன் கரையோர வயல் ஆகியவற்றை ஓரலகாகக் கொண்ட பகுதி ஒன்று மாநிலச் சட்டத்தின் வழி அறிவிக்கப்படவேண்டும். அதனுள் வீடு கட்டுதலைத் தடுக்க வேண்டியதில்லை. பாறை வெட்டுதலும் நீர்வழி அடைத்தலும் குன்றின் பார்வையை மறைக்கும் அடுக்குமாடிகளும் தடுக்கப்பட்டால் போதும். 2015 திசம்பர் வெள்ளத்தில் செம்பரம்பாக்கத்து உபரிநீர் சென்ற வழியைக் கண்டவர்க்கு, நீர்வழியைக் காக்கும் எல்லை தொல்லியலுக்கு மட்டும் உரியதன்று என்பதை விளக்கத் தேவையில்லை. சென்னைப் பெருநகரப் பரப்பை 1189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5904 சதுர கிலோமீட்டராக விரிக்க 2022இல் அரசு ஆணையிட்டுள்ள நிலையில், இத்தகைய அலகுகளைப் பெருந்திட்டத்திலேயே குறித்தல் இயலும். மனைப்பிரிவுகள் நிறைந்தபின் குறித்தல் இயலாது.

மறுப்பு ஒன்று எழலாம். தெளிவான 100 மீட்டருக்கு ஒரு நன்மை உண்டு: நாடா பிடித்து அளந்துவிடலாம், கையூட்டுக்கும் விளக்கத்திற்கும் இடம் குறைவு. நிலத்தின் தன்மையைக் கொண்டு வளையும் எல்லை வழக்குகளைப் பெருக்கும். இம்மறுப்பு வலுவுடையது; அதனைத் தள்ளிவிட இயலாது. ஆயினும் நம் நிலநிருவாகம் வளைந்த எல்லைகளையே நூற்றாண்டுக்கும் மேலாக அளந்து காத்து வருகிறது. புல வரைபடத்தில் ஒவ்வொரு அளவை எண்ணும் கோணல்மாணலாகத்தான் உள்ளது; அதனை எவரும் தெளிவற்றது என்பதில்லை. அளவை எண்களால் வரையும் பாதுகாப்பு எல்லை, நாடாவால் அளக்கும் வளையத்தினும் நீதிமன்றத்தில் எளிதில் நிறுவத்தக்கது.

அதற்கான முதற்பணி பெரிதன்று. வருவாய்த் துறையின் அ-பதிவேட்டில் பாறைநிலம் ‘கல்லாங்குத்து’ என்றும், மேய்ச்சல் நிலம் ‘மேய்க்கால் புறம்போக்கு’ என்றும் பதியப்பட்டுள்ளன. எவருக்கும் பயன்படாதவை எனக் கருதி ஒதுக்கிய இவ்விரு வகைகளிலேயே நம் ஈமக்காடுகள் பெரும்பாலும் தங்கின. குவாரிக்கும் மனைப்பட்டாவுக்கும் முதலில் சென்றவையும் இவையே. குன்றத்தூர் வட்டத்து ஊர்களின் பழைய பதிவேட்டில் கல்லாங்குத்து எனக் காணும் அளவை எண்களை இன்றைய பதிவேட்டோடு ஒப்பிட்டு, வகை மாறியவற்றையும் மாறாதவற்றையும் பிரித்தெழுதி, மாறாதவற்றின்மேல் நடந்து பார்க்க ஒரு முதுகலை வகுப்பிற்கு ஒரு பருவம் போதும்.